பாஸ்போ-கோஃபிலின் ஆன்டிபாடி: செரின்-3 பட்டை மங்கலாக வந்தால் குறை எங்கே?

மதியழகி

வணக்கம். மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் நகர்வு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்களுக்கு ரோ கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கும் ஒய்-27632 என்ற மருந்தைக் கொடுத்து, கோஃபிலின் புரதத்தின் மூன்றாவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் குறைகிறதா (பாஸ்பேட் ஏறிய வடிவமே பாஸ்போ-கோஃபிலின்) என்று, புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டும். மொத்தக் கோஃபிலினுக்கான பட்டை ஒவ்வொரு முறையும் அழுத்தமாக வருகிறது. பாஸ்போ-கோஃபிலினுக்கான முயல் பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) ஆன்டிபாடியோ ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் பட்டை தருகிறது. மருந்து கொடுக்காத மாதிரியிலேயே சில நாட்களில் ஒன்றும் தெரிவதில்லை.

செல்களை உடைக்கும் ரிப்பா பஃபரில் பனிக்கட்டி மேல் அரை மணி நேரம் வைத்து, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கான புரோட்டியேஸ் தடுப்பான் மட்டும் சேர்த்து லைசேட் (உடைத்த செல்களின் கரைசல்) எடுக்கிறேன். 12 விழுக்காடு ஜெல், 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள பி.வி.டி.எஃப். மெம்பரேன், 5 விழுக்காடு பால் பவுடரில் பிளாக்கிங் (ஆன்டிபாடி கண்ட இடத்திலும் ஒட்டாதபடி மெம்பரேனை மூடுதல்) என்பது எங்கள் ஆய்வகத்தின் வழக்கமான முறை. வேறு நிறுவனத்தின் மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி) வாங்கலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்கிறார். இறக்குமதி ஆகி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், விலையும் குறைவில்லை. எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெய்தல்நிலன்

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆன்டிபாடி மெம்பரேனைத் தொடுவதற்கு முன்பே பாஸ்பேட் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது.

கோஃபிலின் 166 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். செல்லுக்கு வடிவமும் நகர்வும் தரும் ஆக்டின் இழைகளில் ஒட்டி அவற்றை முறுக்கித் துண்டாக்குவது அதன் வேலை. செரின்-3 இல் பாஸ்பேட் ஏறினால் ஆக்டினோடு ஒட்டும் வலு போய்விடும். பாஸ்பேட்டை ஏற்றுவது முதன்மையாக லிம் கைனேஸ்கள் என்பது 1998 இல் தெரியவந்தது; அந்தக் கைனேஸ்களை ரோ கைனேஸும் பேக் கைனேஸும் தூண்டுகின்றன, உங்கள் மருந்து அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. பாஸ்பேட்டை இறக்குபவை ஸ்லிங்ஷாட், குரோனோஃபின் என்ற இரண்டு பாஸ்பேட்டேஸ் வகைகள். முன்னது 2002 இலும் பின்னது 2005 இலும் இந்தப் பணிக்குரியவையாக அடையாளம் காணப்பட்டன. செல்லை உடைத்த பிறகும் இவை ஓய்வெடுப்பதில்லை. பனிக்கட்டி அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. போதாக்குறைக்கு, ஆக்டின் இழைகளோடு ஒட்டும்போது ஸ்லிங்ஷாட்டின் செயல்திறன் பல மடங்கு கூடுகிறது. ரிப்பாவில் ஊறிக் கிடக்கும் லைசேட்டில் அந்த இழைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே ஒரு நாள் நீங்கள் விரைந்து வேலை செய்தால் பட்டை தெரியும், மறுநாள் சற்றுத் தாமதித்தால் மங்கும்.

பாஸ்பேட்டேஸ் தடுப்பான் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் முழுச் சரியில்லை. பலரும் கைக்கெட்டிய ஒகடாயிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். அது பிபி1, பிபி2ஏ வகைகளைத்தான் தடுக்கும். ஸ்லிங்ஷாட் சிஸ்டைனை மையமாகக் கொண்ட வேறு குடும்பம், அதற்கு வனடேட் வேண்டும். குரோனோஃபினோ மக்னீசியம் இல்லாமல் இயங்காத இன்னொரு குடும்பம், அதற்கு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. வேண்டும். வைட்டமின் பி6 வளர்சிதை மாற்றத்தில் பிரிடாக்சல் பாஸ்பேட்டை உடைக்கும் நொதியும் இதே குரோனோஃபின்தான் என்பது பலருக்குத் தெரியாது.

இத்தனை தடுப்பான்களையும் கலந்து மல்லுக்கட்டுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, குளிர்ந்த உப்புப் பஃபரால் ஒரே முறை அலசி, கொதிநிலைக்கு அருகில் சூடாக்கிய எஸ்.டி.எஸ். (புரதங்களின் வடிவத்தைக் குலைக்கும் சோப்பு போன்ற பொருள்) மாதிரிப் பஃபரைத் தட்டின் மேலேயே ஊற்றுங்கள். அந்த நொடியிலேயே எல்லா நொதிகளும் செயலிழந்துவிடும். டி.என்.ஏ. வெளிவந்து மாதிரி கோழைபோல் இழுக்கும். மெல்லிய ஊசி வழியே சில முறை இழுத்துத் தள்ளினாலோ சோனிக்கேட்டரில் சில நொடிகள் வைத்தாலோ அது சரியாகும். மாதிரிப் பஃபரில் எஸ்.டி.எஸ். இருப்பதால் வழக்கமான பிராட்ஃபோர்டு முறையில் புரத அளவை எடுக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று: செல்களை டிரிப்சின் போட்டுப் பிரித்தெடுத்த பிறகு லைசேட் எடுக்காதீர்கள். தட்டிலிருந்து பிரிந்து உருண்டையான செல்லின் ஆக்டின் அமைப்பு, ஒட்டிப் பரவி நிற்கும் செல்லின் அமைப்பு அல்ல. கோஃபிலினின் பாஸ்பேட் நிலையும் அதோடு சேர்ந்து மாறும்.

கரிசல்காடு

நெய்தல்நிலன் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மெம்பரேனையும் கவனிக்க வேண்டும். கோஃபிலின் ஜெல்லில் ஏறத்தாழ 19 கிலோ டால்டனில் ஓடும். இவ்வளவு சிறிய புரதம் 0.45 மைக்ரோமீட்டர் துளையில் தங்காமல் மறுபக்கம் போய்விட வாய்ப்பு அதிகம். 0.2 மைக்ரோமீட்டர் மெம்பரேன் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெல்லை 15 விழுக்காட்டுக்கு மாற்றுங்கள், ஜெல்லிலிருந்து மெம்பரேனுக்குப் புரதத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபர் நேரத்தையும் குறைத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் முதல் மெம்பரேனுக்குப் பின்னால் இன்னொரு மெம்பரேனை வைத்து டிரான்ஸ்ஃபர் செய்து, இரண்டிலும் ஆன்டிபாடி போடலாம். பின்னதில் பட்டை தெரிந்தால் புரதம் எங்கே போகிறது என்று விளங்கிவிடும். மொத்தக் கோஃபிலின் செல்லில் ஏராளமாக இருப்பதால் பாதி போனாலும் அதன் பட்டை அழுத்தமாகவே இருக்கும், பாஸ்போ வடிவத்துக்கு அந்த வசதி இல்லை.

பால் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. பாலில் கேசின் என்ற பாஸ்போ-புரதம் இருப்பதால் பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பால் ஆகாது என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதியிருக்கும். இது ஓரளவு மிகைப்படுத்தப்பட்ட பயம் என்பது என் கருத்து. செரின்-3 ஐச் சுற்றியுள்ள வரிசையைத் தேடும் ஆன்டிபாடி கேசினைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இருந்தாலும் பாலிகுளோனல் என்பதால், அதே மெம்பரேனை இரண்டாக வெட்டி ஒன்றைப் பாலிலும் மற்றொன்றைப் பி.எஸ்.ஏ. என்ற மாட்டு இரத்தப் புரதத்தின் 5 விழுக்காட்டுக் கரைசலிலும் பிளாக் செய்து பாருங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது விரைவாக முடியும்.

எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவு புரதம் போட்டதைக் காட்டும் லோடிங் கட்டுப்பாட்டுக்குப் பீட்டா-ஆக்டினைப் பயன்படுத்துகிறீர்களா? ஆக்டின் இழையாகும்போது விடுபடும் எம்.ஆர்.டி.எஃப். என்ற புரதம் கருவுக்குள் போய் ஆக்டின் மரபணுவையே தூண்டும். மருந்தை நீண்ட நேரம் கொடுக்கும் சோதனையில், ஆக்டின் அமைப்பைக் கலைத்துவிட்டு ஆக்டினையே அளவுகோலாக வைப்பது பொருந்தாது. ஜி.ஏ.பி.டி.எச். போன்ற வேறு புரதம் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

மதியழகி

இருவருக்கும் நன்றி. நேரடியாகச் சூடான பஃபரில் லைசேட் எடுக்கும் முறையை முதலில் முயல்கிறேன். அடுத்த கேள்வி, கட்டுரையை அனுப்பும்போது மதிப்பீட்டாளர்கள் கேட்கப் போவது: 19 கிலோ டால்டனில் வரும் பட்டை உண்மையிலேயே பாஸ்போ-கோஃபிலின்-1 தான் என்று எப்படி நிறுவுவது? நிறுவனத்தின் தரவுத்தாளில் ஒரே ஒரு பிளாட் படமும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) போட்டு மறைத்துக் காட்டிய படமும் மட்டுமே உள்ளன.

இழைநோக்கி

பெப்டைடு போட்டுப் பட்டை மறைந்தது என்பதால் ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கும் என்று மட்டுமே தெரியும். எந்தப் பெப்டைடைக் கொண்டு முயலுக்கு ஊசி போட்டார்களோ அதையே கலந்தால், தவறான பட்டையும் சேர்ந்துதான் மறையும். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘கோஃபிலின்-1’ என்று எழுதுவதற்கு முன் அமினோ அமில வரிசையைப் பாருங்கள். மனிதக் கோஃபிலின்-1 இன் தொடக்கம்: மெத்தியோனின், அலனின், செரின், கிளைசின், வேலின், அலனின். தசைகளில் மிகுதியாக உள்ள கோஃபிலின்-2 இன் தொடக்கத்தில் முதல் ஐந்தும் அவையே. ஆறாவது மட்டும் திரியோனின். ஏ.டி.எஃப். என்றும் டெஸ்ட்ரின் என்றும் அழைக்கப்படும் மூன்றாவது உறவினரிலும் முதல் ஐந்து மாறவில்லை, ஆறாவது இடத்தில் குளூட்டமின் நிற்கிறது. செல்லுக்குள் முதல் மெத்தியோனின் வெட்டப்பட்டு அலனினில் அசிட்டைல் ஏறுவதால், நாம் மூன்றாவது என்று எண்ணும் செரின் முதிர்ந்த புரதத்தில் இரண்டாவதாக இருக்கிறது. புரதத்தின் விளிம்பிலேயே பாஸ்பேட் உட்கார்ந்திருப்பதால் அதற்கு இடப்பக்கம் ஆன்டிபாடி பிடித்துக்கொள்ள எதுவுமில்லை, வலப்பக்கத்தின் முதல் இரண்டு அமினோ அமிலங்களோ மூன்று புரதங்களுக்கும் பொது. எனவே உங்கள் ஆன்டிபாடி மூன்றையும் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்று காட்டும் பொறுப்பை நீங்கள் ஏற்பதே நேர்மையானது. மூன்றின் எடையும் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஜெல்லும் பிரித்துக் காட்டாது.

செய்ய வேண்டியவற்றை நான் முக்கியமென்று நினைக்கும் வரிசையில் சொல்கிறேன். கோஃபிலின்-1 ஐயும் டெஸ்ட்ரினையும் தனித்தனியாக எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (ஒரு புரதத்தின் உற்பத்தியை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) மூலம் குறைத்து, பாஸ்போ பட்டை எதில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். தசை அல்லாத செல்களில் பொதுவாகக் கோஃபிலின்-1 தான் மிகுதி என்பதால் பெரும்பகுதி அதோடு போகும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் கட்டுரையில் எழுத முடியாது. இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் செல் பிரிவு கெட்டு, பல கருக்கள் கொண்ட செல்கள் தோன்றும். அந்த மாதிரியை நீண்ட நாள் வளர்க்காமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் லாம்டா பாஸ்பேட்டேஸ் நொதி. சூடான எஸ்.டி.எஸ். லைசேட்டில் அது வேலை செய்யாது. ஆகவே டிரான்ஸ்ஃபர் முடிந்து பிளாக் செய்த மெம்பரேனின் ஒரு துண்டை மாங்கனீசு உள்ள பஃபரில் அந்த நொதியோடு ஊறவைத்து, மற்ற துண்டை நொதி இல்லாமல் அதே பஃபரில் வையுங்கள். நொதி பட்ட துண்டில் பாஸ்போ பட்டை மறைந்து, மொத்தக் கோஃபிலின் மாறாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, செரினுக்குப் பதில் அலனின் வைத்த எஸ்3ஏ வடிவம். ஜி.எஃப்.பி. என்ற ஒளிரும் புரதத்தை இணைப்பதாக இருந்தால் கோஃபிலினின் வால் முனையில் இணையுங்கள். தலை முனையில் இணைத்தால் செரின்-3 புரதத்தின் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். லிம் கைனேஸும் அதை முறையாகக் கண்டுகொள்ளாது, ஆன்டிபாடியும் தேடும் விளிம்பைக் காணாது. வாலில் இணைத்த புரதம் 45 கிலோ டால்டன் அளவில் ஓடுவதால், ஒரே லேனில் (ஜெல்லின் ஒரு தடத்தில்) மேலே நீங்கள் கொடுத்ததும் கீழே செல்லின் சொந்தக் கோஃபிலினும் தனித்தனியாகத் தெரியும். இயல்பான வடிவத்தில் மேல் பட்டை ஒளிர்ந்து எஸ்3ஏ வடிவத்தில் மறைந்தால், ஆன்டிபாடி பாஸ்பேட்டைத்தான் பார்க்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. லிம் கைனேஸ்-1 ஐ மிகுதியாக உற்பத்தி செய்யவைத்த செல்களின் லைசேட்டைச் சிறு குப்பிகளாகப் பிரித்து உறையவைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரு லேனுக்குப் போடுங்கள். பட்டை வராத நாளில் குறை மாதிரியிலா ஆன்டிபாடியிலா என்று அந்த லேன் சொல்லிவிடும்.

வடகப்பல்

இவ்வளவு சிக்கல் தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. பாஸ்போ-கோஃபிலினை மொத்தக் கோஃபிலினால் வகுத்தால் கோஃபிலினின் செயல்பாடு கிடைத்துவிடுகிறது. பாஸ்போ குறைந்தால் கோஃபிலின் விழித்துக்கொண்டது, ஆக்டின் வெட்டுப்படுகிறது என்று பொருள். எத்தனையோ கட்டுரைகள் இந்த விகிதத்தை மட்டும் வைத்தே வெளிவந்திருக்கின்றன.

நெய்தல்நிலன்

வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றில் பலவற்றின் முடிவுகளை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் என் வாதம்.

செரின்-3 பல கடிவாளங்களில் ஒன்று. செல் சவ்விலுள்ள பிப்-2 என்ற கொழுப்போடு ஒட்டியிருக்கும் கோஃபிலினில் பாஸ்பேட் இருக்காது, ஆனால் அதனால் ஆக்டினை வெட்டவும் முடியாது. கார்டாக்டின் என்ற புரதமும் அதைப் பிடித்து அடக்கும். செல்லின் காரத்தன்மை சற்றுக் கூடும்போது அந்தப் பிடி தளரும். எலியின் மார்பகப் புற்றுநோய்ச் செல்களான எம்.டி.எல்.என்.3 இல் இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, கோஃபிலின் செயல்படத் தொடங்குவதற்கும் அதன் பாஸ்பேட் ஏற்ற இறக்கத்துக்கும் நேர்த் தொடர்பில்லை என்று 2006 இல் காட்டியது. சவ்வுக்கருகில் பிப்-2 உடைந்து அங்கிருந்த கோஃபிலின் விடுபடுவதே தொடக்கம் என்று பின்னர் விளக்கம் கிடைத்தது. செல் முழுவதையும் கரைத்து எடுக்கும் லைசேட்டில், முன்விளிம்பில் நடக்கும் அந்தச் சிறு நிகழ்வு மூழ்கிவிடும். மதியழகி நகர்வைப் பற்றி ஆராய்வதால் இது அவருக்கு நேரடியாகப் பொருந்தும்.

வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆக்டின் இழையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோஃபிலின் ஒட்டினால், முறுக்கேறிய பகுதியும் முறுக்கேறாத பகுதியும் சந்திக்கும் இடத்தில் இழை முறியும். இழை முழுவதையும் கோஃபிலின் போர்த்திவிட்டால் அத்தகைய சந்திப்பு இல்லாததால் இழை நிலைத்துவிடும். ஆகவே செயல்படும் கோஃபிலின் கூடக்கூட வெட்டுதலும் கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கே தவறு.

விகிதத்துக்கு வருவோம். இரண்டு ஆன்டிபாடிகளின் பிடிப்பு வலுவும் வேறு, ஒளி வீச்சும் வேறு. ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் 0.4 என்ற எண்ணுக்கு, நூற்றில் நாற்பது மூலக்கூறுகளில் பாஸ்பேட் உள்ளது என்ற பொருள் கிடையாது. மேலும் மொத்தக் கோஃபிலின் பட்டை கெமிலுமினசன்ஸ் என்ற வேதி ஒளிர்வு முறையில் எளிதில் பூரிதமாகிவிடும்; பூரிதமான பட்டையால் வகுத்த எண்ணை எறிந்துவிடலாம். ஒரே லைசேட்டைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்கச் செய்து போட்டு, பட்டையின் அடர்த்தியும் அதே கணக்கில் குறைகிறதா என்று முதலில் பாருங்கள்.

வடகப்பல்

சரி, விகிதத்தைச் செயல்பாடு என்று அழைக்காமல் பாஸ்போரிலேற்றத்தின் ஒப்பீட்டு மாற்றம் என்று எழுதினால் ஏற்பீர்களா? மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஜெல்லில் ஒப்பிட அது போதும் அல்லவா?

நெய்தல்நிலன்

ஏற்கிறேன். அந்த அளவோடு நின்றால் எனக்கு மறுப்பில்லை.

இழைநோக்கி

உண்மையான விழுக்காடு வேண்டுமென்றால் பாஸ்போ ஆன்டிபாடியே தேவையில்லை. ஹிரோஷிமாவில் உருவாக்கப்பட்ட ஃபாஸ்-டேக் என்ற சேர்மத்தை மாங்கனீசோடு ஜெல்லில் கலந்தால், அது பாஸ்பேட் ஏறிய புரதத்தைப் பிடித்து இழுத்து மெதுவாக ஓடவைக்கும். மொத்தக் கோஃபிலின் ஆன்டிபாடி ஒன்றைக் கொண்டே கீழே பாஸ்பேட் இல்லாத பட்டையையும் மேலே பாஸ்பேட் உள்ள பட்டையையும் ஒரே லேனில் பார்க்கலாம். ஒரே ஆன்டிபாடி என்பதால், அது இரண்டு வடிவங்களையும் சமமாகப் பிடிக்கும்வரை, இரண்டு பட்டைகளையும் ஒப்பிடுவதற்குப் பொருள் உண்டு. அதற்கு, வால் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியாகத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. குரோனோஃபினை அடக்க இ.டி.டி.ஏ. போட்ட லைசேட்டை ஃபாஸ்-டேக் ஜெல்லில் ஏற்றினால், ஜெல்லிலுள்ள மாங்கனீசையும் அந்த இ.டி.டி.ஏ. கவர்ந்துகொள்ளும், பட்டைகள் வளைந்து கோணலாக ஓடும். சூடான எஸ்.டி.எஸ். முறையில் இ.டி.டி.ஏ. தேவையில்லாததால் இந்தத் தொல்லை எழாது. ஆனால் ஜெல் ஓடி முடிந்த பிறகு, டிரான்ஸ்ஃபருக்கு முன், அதே இ.டி.டி.ஏ.வைச் சேர்த்த பஃபரில் ஜெல்லை அலசியே ஆக வேண்டும், இல்லையென்றால் புரதம் ஜெல்லை விட்டு மெம்பரேனுக்கு ஒழுங்காக வராது. வண்ண மார்க்கர்களின் இடத்தை வைத்து இந்த ஜெல்லில் எடையைக் கணக்கிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பனித்துளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஹிப்போகேம்பஸ் நரம்புச் செல்களில் வேலை செய்கிறேன். ஏ.டி.பி. குறைந்த நிலையில் கோஃபிலினும் ஆக்டினும் சேர்ந்து உருவாக்கும் கோல்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பாஸ்போ ஆன்டிபாடி, ஆக்டின் இழைகளில் ஒட்டிக் காட்டும் ஃபலாய்டின் இரண்டிலும் எதுவும் தெரியவில்லை. இதுவும் ஆன்டிபாடியின் குறைதானா?

இழைநோக்கி

இல்லை, இரண்டுமே அந்தக் கோல்களைக் காட்டக்கூடியவை அல்ல. கோல்களில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பேட் நீங்கிய கோஃபிலின். பாஸ்போ ஆன்டிபாடிக்கு அங்கே வேலை இல்லை. கோஃபிலின் போர்த்திய இழையின் முறுக்கு மாறியிருப்பதால் ஃபலாய்டினும் அதில் ஒட்டாது. மொத்தக் கோஃபிலின் ஆன்டிபாடியைப் பயன்படுத்துங்கள். பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திய பின், டிரைட்டனுக்குப் பதிலாக மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் சில நிமிடம் வைத்துச் சவ்வைத் திறப்பதே கோல்களுக்கு ஏற்ற வழி. மெத்தனால் பட்ட மாதிரியில் ஃபலாய்டின் நிறமேற்றம் எப்படியும் கெட்டுவிடும், அதனால் அதற்குத் தனிக் கண்ணாடித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. கொடுத்தாலோ வெப்ப அதிர்ச்சி கொடுத்தாலோ பல வகைச் செல்களின் கருவுக்குள் இத்தகைய கோல்கள் தோன்றும். ஆன்டிபாடியைச் சரிபார்க்க அது மலிவான கட்டுப்பாடு.

கரிசல்காடு

மோனோகுளோனலா பாலிகுளோனலா என்ற முதல் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. பாலிகுளோனல் ஒவ்வொரு தொகுதியும் வேறு முயலின் இரத்தத்திலிருந்து வரலாம், தொகுதி எண் மாறினால் ஆன்டிபாடியே மாறியதாகக் கொள்ள வேண்டும். நீங்கள் வாங்கினால், மரபணு வரிசை தெரிந்து, வளர்ப்புச் செல்களில் உற்பத்தி செய்யப்படும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடியாகப் பார்த்து வாங்குங்கள். விற்பனையிலுள்ள ஆன்டிபாடிகளை மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிடும் ஒரு பெரிய முயற்சியின் முடிவுகள் 2023 இல் ஈலைஃப் இதழில் வந்தன. 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளைச் சோதித்ததில், ரீகாம்பினன்ட் வகை சராசரியாக மற்ற இரண்டையும்விடச் சிறப்பாக இருந்தது. தம் புரதத்தையே கண்டுகொள்ளாத ஆன்டிபாடிகளைப் பயன்படுத்திய கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு அளவில் வெளிவந்திருந்தன என்பதையும் அந்த ஆய்வே சொன்னது. மரபணு நீக்கம் பாஸ்போ ஆன்டிபாடியின் புரதத் தேர்வை மட்டும் சரிபார்க்கும், பாஸ்பேட் தேர்வைச் சரிபார்க்காது. அதற்கு மேலே சொன்ன எஸ்3ஏ வடிவமும் லாம்டா நொதியும் வேண்டும்.

நாங்கள் ஒருமுறை வரவழைத்த ஆன்டிபாடிப் பெட்டி சுங்கத்தில் தேங்கி, பனிப்பொதிகள் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே கைக்குக் கிடைத்தது. விநியோகஸ்தர் மாற்றித் தர மறுத்துவிட்டார். ஆகவே பெட்டியைத் திறந்த உடனே பொதிகளின் நிலையைப் படம் எடுத்து, தெரிந்த லைசேட்டில் பழைய குப்பியோடு சேர்த்து ஒரு பிளாட் போட்டுவிடுங்கள். புகார் எழுதினாலும் அதுதான் சான்று. கிளிசரால் கலந்த குப்பி மைனஸ் 20 இல் உறையாது, அதைப் பிரிக்கத் தேவையில்லை. கிளிசரால் இல்லாததைச் சிறு குப்பிகளாகப் பிரியுங்கள், தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். கட்டுரையில் கேட்டலாக் எண், தொகுதி எண், ஆர்.ஆர்.ஐ.டி. அடையாளம் மூன்றையும் எழுதுங்கள்.

மதியழகி

சூடான பஃபரில் எடுத்த லைசேட்டை 15 விழுக்காடு ஜெல்லில் போட்டேன். பழைய பாலிகுளோனலிலேயே மருந்தில்லாத மாதிரியில் பட்டை நன்றாகத் தெரிகிறது, ஒய்-27632 கொடுத்ததில் குறைந்திருக்கிறது. ரிப்பாவில் எடுத்த லைசேட்டைப் பக்கத்து லேனில் வைத்ததில் பட்டை ஏறத்தாழ இல்லை. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. சோதனையைத் தொடங்கிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: பாஸ்போ, மொத்தம் இரண்டு ஆன்டிபாடிகளும் முயலிலிருந்து வந்தவை, பட்டையும் ஒரே இடத்தில். பாஸ்போவைப் பார்த்த பிறகு மெம்பரேனை ஸ்டிரிப் செய்து (ஒட்டிய ஆன்டிபாடியைக் கழுவி நீக்கி) மொத்தத்தைப் போடலாமா?

நெய்தல்நிலன்

கூடுமானவரை வேண்டாம். ஸ்டிரிப் செய்யும்போது ஆன்டிபாடியோடு இவ்வளவு சிறிய புரதமும் ஓரளவு கழுவிப்போகும், முன்னதன் மிச்சமும் அதே இடத்தில் நிற்கும். இரண்டில் எது நடந்தது என்று பிறகு சொல்ல முடியாது. எலியிலிருந்து பெற்ற மொத்தக் கோஃபிலின் மோனோகுளோனல் கிடைத்தால், இரு நிற ஒளிர் இரண்டாம் ஆன்டிபாடிகளைக் கொண்டு ஒரே மெம்பரேனில் இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள். இரண்டும் தலை முனையிலேயே ஒட்டுபவையாக இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும், அதனால் இதற்கும் வால் பகுதியைப் பிடிப்பதே வேண்டும். அது கிடைக்கும் வரை ஒரே மாதிரிகளை இரண்டு ஜெல்களில் ஒரே நாளில் ஓட்டி, ஒவ்வொரு மெம்பரேனிலும் ஜி.ஏ.பி.டி.எச். தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. பிளாட் வந்ததும் டெஸ்ட்ரின் லேனை மறக்காமல் இங்கே பதிவிடுங்கள். 231 செல்களில் அதன் பங்கு எவ்வளவு என்று எனக்கும் பார்க்க வேண்டும்.